கண்ணாடியில் பொருத்தும் வாசிப்புக் கேமரா: வாங்குவதும் பழகுவதும்

பார்வையற்றோர் மூக்குக்கண்ணாடியில் அணியும் சிறு கேமரா, எதிரிலுள்ள எழுத்தைப் படம்பிடித்துக் காதருகே படித்துச் சொல்கிறது. இஸ்ரேலில் உருவான ஆர்கேம் மைஐ, சுமார் 22 கிராம் எடையில் காந்தத்தால் சட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுத்தைப் படிக்க அதற்கு இணையம் வேண்டியதில்லை. ரே-பேன் மெட்டாவில் கண்ணாடியே கருவி. ஆனால் எதிரில் இருப்பதை விவரிக்க அதற்குக் கைப்பேசியும் இணையமும் வேண்டும். வங்கிக் கடிதங்களையும் மருத்துவ அறிக்கைகளையும் படிப்பதே முக்கியத் தேவை என்றால், படத்தை வெளியே அனுப்பாத வகையைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

விற்பவர் நீட்டும் மாதிரித் தாளை மட்டும் நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். வீட்டிலிருந்து ஒரு தமிழ் நாளிதழையும், கசங்கிய மின்கட்டண ரசீதையும், மாத்திரை அட்டையையும் எடுத்துச் சென்று படிக்கச் செய்யுங்கள். ஆங்கிலத்தைத் தடங்கலின்றிப் படிக்கும் கருவி, தமிழ் எழுத்தைக் கண்டதும் பேசாமல் நின்றுவிடக்கூடும்.

முதல் சில வாரங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே பழகுங்கள். கேமரா உங்கள் தலையோடு திரும்புகிறது. பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களுக்கு எழுத்தை நோக்கி முகத்தைத் திருப்பும் பழக்கம் ஏற்பட்டிருக்காது என்பதால், தொடக்கத்தில் பாதி வரி விட்டுப்போகும். அட்டையை மூக்கு நுனியில் வைத்து, அங்கிருந்து நேராக ஒரு முழத் தொலைவுக்கு நீட்டினால் எழுத்து கேமராவின் நேருக்கு வந்துவிடும். மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளில் வெளிச்சம் பட்டுத் தெறித்தால் எழுத்து மறைந்துவிடும். ஆகவே சன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்கும்படி உட்கார்ந்து, தாளை விரலால் நீவி, அட்டையைச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். காலாவதித் தேதி எந்த முனையில் இருக்கிறதென்று முதல் நாளே கேட்டறிந்து, மறுமுனையிலிருந்து மாத்திரைகளை எடுத்து வாருங்கள். இரண்டு முறை படித்ததில் மருந்தின் பெயர் மாறி ஒலித்தால், பார்வையுள்ள ஒருவரிடம் காட்டாமல் விழுங்க வேண்டாம். குடும்பத்தினரும் பொறுமையிழந்து அட்டையைப் பிடுங்கிப் படித்துக் காட்டாமல் இருக்க வேண்டும். அப்படிச் செய்தால் பழக்கமே வராது.

ரூபாய் நோட்டுகளுக்கு விரலே போதும்: புதிய 500 ரூபாய் நோட்டின் ஓரங்களில் ஐந்து கோடுகளும், 100 ரூபாயில் நான்கு கோடுகளும் புடைத்திருக்கும்.

தெருவில் இறங்கும்போது வெள்ளைக் கைத்தடி கையில் இருந்தே ஆக வேண்டும், ஏனெனில் திறந்த சாக்கடையையும் உடைந்த நடைபாதையையும் கைத்தடியைப் போல இந்தக் கேமரா உணர்த்தாது. காதை அடைக்கும் ஹெட்போன்களைத் தவிர்த்து, கன்ன எலும்பின் மேல் அமர்ந்து அதிர்வால் ஒலியைக் கடத்தும் வகையைக் கருவியோடு இணைத்துக்கொண்டால், பின்னால் வரும் வண்டியின் சத்தம் தடையின்றிக் கேட்கும். நடந்துகொண்டே எதையும் படிக்காதீர்கள். ஓரமாக நின்று படியுங்கள். பேருந்தின் பெயர்ப்பலகையைக் கருவி படித்துவிட்டாலும், நடத்துநரிடம் ஊர்ப் பெயரை ஒருமுறை கேட்ட பிறகே ஏறுங்கள்.