ஒஸிலோஸ்கோப் வாங்கும்போது விடக்கூடாத பிழைகள்

மாங்குளத்தில் என் மேசைக்கு வரும் சாமான்களைச் சொன்னாலே, வன்னியில் வீட்டிலிருந்து இலக்ட்ரோனிக்ஸ் செய்கிறவருக்கு எப்படிப்பட்ட ஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) தேவை என்பது பாதி விளங்கிவிடும். சோலார் சார்ஜ் கொன்ட்ரோலர், கோயில் அம்பிளிபயர், வயல் மோட்டரின் கொன்ட்ரோல் போர்ட், எல்ஈடி பல்பின் ட்ரைவர், இடைக்கிடை ஒரு பெடியன் செய்து கொண்டுவரும் அர்டுயினோ (புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன போர்ட்) வேலை. இவற்றில் எதற்கும் 200 மெகாஹேர்ட்ஸ் வேண்டியதில்லை. ஆனாலும் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான்: "அண்ணை, எத்தினை மெகாஹேர்ட்ஸ் எடுக்கலாம்?"

50 மெகாஹேர்ட்ஸ் ஸ்கோப் 50 வரைக்கும் சரியாகக் காட்டும் என்று நினைப்பதுதான் முதல் பிழை. அந்த மீடிறனில் 5 வோல்ட் அலை 3.5 வோல்ட் அளவில்தான் தெரியும். பட்டையகலம் என்று பெட்டியில் போடுவதே, அலை ஏறக்குறைய 70 வீதமாகச் சுருங்கும் இடத்தைத்தான். சதுர அலைக்கு இன்னும் இடம் வேண்டும். அதன் மூலைகளைக் கூராக்குவது மூன்று மடங்கு, ஐந்து மடங்கு மீடிறன்கள். அவை வெட்டுப்பட்டால் மூலை மழுங்கிவிடும். ஆகவே பார்க்கப்போகும் அலையின் மீடிறனை ஐந்தால் பெருக்குங்கள். அர்டுயினோ மற்ற ஐசிகளோடு பேசும் எஸ்பிஐ இணைப்பின் 8 மெகாஹேர்ட்ஸ் கடிகார அலைக்கு 40 வரும். 50 போதும், 100 இருந்தால் தாராளம்.

அந்த 8 மெகாஹேர்ட்ஸ் அலையால் நான் இரண்டு நாள் கெட்டிருக்கிறேன். ஸ்கோப் 100 மெகாஹேர்ட்ஸ். திரையில் சதுரத்துக்குப் பதில் சின்ன மேடு பள்ளம். போர்ட்டைச் சந்தேகப்பட்டு ஐசியைக்கூடக் கழற்றி மாற்றினேன். கடைசியில் பார்த்தால் புறோப்பின், அதாவது சேர்க்கிட்டில் தொடும் வயரின், கைப்பிடியில் இருக்கும் சின்ன சுவிட்ச் 10எக்ஸிலிருந்து (அலையைப் பத்தில் ஒன்றாக்கி அனுப்பும் நிலை) 1எக்ஸுக்கு (அப்படியே அனுப்பும் நிலை) நழுவியிருந்தது. 1எக்ஸில் சாதாரண புறோப் 6 மெகாஹேர்ட்ஸ் அளவோடு நின்றுவிடும். போதாததற்குச் சேர்க்கிட்டின் மேல் 100 பிக்கோபரட் அளவு சுமையையும் ஏற்றும். ஸ்கோப் எவ்வளவு நல்லதானாலும் புறோப் விடுவதைத்தான் அது காணும். ஆகவே வாங்கும்போது கூட வரும் புறோப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுவிட்ச் இறுக்கமாக நிற்கிறதா, கிளிப் வயர் உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, ஸ்கோப் அலையைச் செக்கனுக்கு எத்தனை தரம் அளந்து புள்ளியாக்குகிறது, அதாவது எத்தனை மாதிரி எடுக்கிறது என்ற கணக்கு. ரிகோல் டிஎஸ்1054இசட் செக்கனுக்கு 100 கோடி மாதிரி எடுக்கும், ஆனால் ஒரு சனல் (புறோப் செருகும் வழி) மட்டும் திறந்திருந்தால்தான். இரண்டு திறந்தால் 50 கோடி, நான்கும் திறந்தால் 25 கோடி. நினைவகம் சின்னதானால் இந்த எண்ணிலும் பயனில்லை. டிவி ரிமோட்டின் எல்ஈடியைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொத்தான் அழுத்தின முழுச் செய்தியையும் பிடிக்க 100 மில்லிசெக்கன் வேண்டும். ஸ்கோப்பின் நினைவகம் 2,500 புள்ளிதான் என்றால் புள்ளிக்குப் புள்ளி 40 மைக்ரோசெக்கன் இடைவெளி. ரிமோட்டின் 38 கிலோஹேர்ட்ஸ் அலை ஒன்றுக்கு 26 மைக்ரோசெக்கன்தான். அலை இடைவெளிக்குள்ளேயே ஓடிப்போய்விடும். திரையில் 12 கிலோஹேர்ட்ஸ் என்று இல்லாத ஒன்று அழகாக நிற்கும். 10 இலட்சம் புள்ளியாவது உள்ளதை எடுங்கள்.

நாங்களே சோல்டர் பண்ணிப் பூட்டும் 200 கிலோஹேர்ட்ஸ் டிஎஸ்ஓ138 ஸ்கோப் கிட்டை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சோல்டர் பழகவும் அம்பிளிபயர் பார்க்கவும் நல்லது, எஸ்பிஐ பார்க்க ஏலாது.

இனிச் சொல்லப்போவதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. சுவர் பிளக்கில் ஓடும் ஸ்கோப்பில், புறோப்பின் கறுப்புக் கிளிப் நேரே எர்த் பின்னோடு இணைந்திருக்கிறது. மீற்றரின் கறுப்பு வயரைப்போல அதை நினைத்த இடத்தில் மாட்ட முடியாது. டிவி பவர் சப்ளையில் மெயினோடு நேரே தொடுத்திருக்கும் முதல் பக்கத்தில், பெரிய கப்பாசிட்டரின் நெகற்றிவ் எர்த் அல்ல. அதில் கிளிப்பை மாட்டினால் 230 வோல்ட் மெயின் டயோட்டுக்குள்ளால் எர்த்துக்குப் பாயும். வெடிச் சத்தம்தான் கேட்கும். இதற்குச் சிலர் கண்டுபிடித்த வழி ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டுவது. போர்க்காலத்தில் பற்றரி தடைப்பட்டிருந்தபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்கள் நாங்கள். இருப்பதை வைத்துச் சமாளிப்பது பழகிப்போய்விட்டது. இந்த இடத்தில் மட்டும் தயவுசெய்து சமாளிக்காதீர்கள். எர்த் இல்லாமல் கிளிப்பை மாட்டினால் ஸ்கோப்பின் உலோகப் பகுதி முழுவதும் லைவ் ஆகும். தொடுகிறவர் தப்பமாட்டார். திருத்தும் சாமானை, மெயினோடு நேரடித் தொடுப்பில்லாமல் கரண்ட் கொடுக்கும் தனிப்படுத்தும் ட்ரான்ஸ்போமரில் போடுங்கள், அல்லது எர்த்தைத் தொடாமல் இரண்டு புள்ளிக்கு இடையிலான வோல்ட்டை அளக்கும் டிபரென்ஷியல் புறோப் வாங்குங்கள். பெரிய ஸ்கோப்புக்குச் சேர்த்த காசில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

மெயினே இல்லாத சோலாரிலும் இதே கிளிப் கவனம். கரண்டை விட்டுவிட்டுத் திறந்து மூடிச் சார்ஜ் பண்ணும் மலிவான பிடபிள்யூஎம் கொன்ட்ரோலர் பலவற்றில் பொசிற்றிவ்தான் பொது. பனல் நெகற்றிவுக்கும் பற்றரி நெகற்றிவுக்கும் இடையில் சுவிட்சாக வேலை செய்யும் மொஸ்பெட் நிற்கும். ஒரு சனலின் கிளிப்பைப் பனல் நெகற்றிவிலும் மற்றதைப் பற்றரி நெகற்றிவிலும் மாட்டினால், இரண்டு கிளிப்பும் ஸ்கோப்புக்குள்ளே ஒன்றுதான் என்பதால் மொஸ்பெட்டைச் சுற்றிக்கொண்டு பனல் கரண்ட் அந்த மெல்லிய வயரால் ஓடும். கிளிப்பைப் பற்றரி நெகற்றிவில் மட்டும் மாட்டி, புறோப்பின் முனையைப் பனல் நெகற்றிவில் வையுங்கள். மொஸ்பெட் திறந்து மூடுவது அப்படியே தெரியும்.

தாங்கும் வோல்ட்டையும் பார்க்க வேண்டும். 230 வோல்ட்டின் உச்சம் 325. சில கையடக்க ஸ்கோப்புகள் நேரே தாங்குவது 40 வோல்ட் அளவுதான். 10எக்ஸில் பிழைத்துவிடும், அந்தச் சின்ன சுவிட்ச் நழுவினால் போய்விடும். யானை வேலி எனர்ஜைசரின் வெளியீட்டில் சாதாரண புறோப்பை வைக்கவே வேண்டாம். அது செக்கனுக்கு ஒருமுறை அளவில் பல ஆயிரம் வோல்ட்டை அடிக்கிறது.

நான்கு சனல் பெரும்பாலும் தேவைப்படாது. இரண்டு சனலும், டிஜிட்டல் வயர்கள் பலவற்றை ஒரேநேரம் பார்க்கும் மலிவான ஒரு லொஜிக் அனலைசரும் இருந்தால் வேலை நடக்கும். பழைய சிஆர்டி (படக்குழாய்) ஸ்கோப்பைக் கொழும்பிலிருந்து பஸ்ஸில் ஏற்றி எடுப்பதானால், ஒருமுறை மட்டும் வந்து போகும் துடிப்பை அது பிடித்து வைக்காது என்பதைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

சரி, ஸ்கோப் வீட்டுக்கு வந்துவிட்டது. பெட்டியை எறிய முதல் புறோப்பை 10எக்ஸில் வைத்து, முன்பக்கத்தில் இருக்கும் 1 கிலோஹேர்ட்ஸ் சோதனைத் தகட்டில் மாட்டுங்கள். சதுரத்தின் தலை சரிந்தோ கொம்பு முளைத்தோ நின்றால், புறோப்பில் இருக்கும் சின்ன ஸ்குரூவைப் பிளாஸ்ரிக் திருகியால் மெல்லத் திருப்புங்கள். தலை மட்டமாக வரவேண்டும். எவ்வளவு திருப்பியும் வரவில்லை என்றால் அந்தப் புறோப்பை அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோய் மாற்றுங்கள்.