பால் பைத்தான் சட்டை பாதியில் நின்றால் கை வைக்காதீர்கள்

பால் பைத்தான் (ball python) வீட்டுக் கூண்டில் வளர்க்கப்படும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு. நலமாக இருந்தால் அது உதட்டில் தொடங்கி வால்நுனிவரை சட்டையை ஒரே துண்டாக, உள்புறம் வெளியே வருமாறு கழற்றிப் போடும். துண்டு துண்டாகக் கிடந்தால் முதலில் கூண்டின் காற்றைச் சந்தேகப்படுங்கள். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே ஒரு திரவம் ஊறும். காற்று வறண்டாலோ பாம்பின் உடம்பில் நீர் குறைந்தாலோ இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

அவசரம்தான் முதல் தவறு. கண் பால் பூத்தாற்போல் மங்கி, பிறகு தெளியும். தெளிந்த மறுநாளே சட்டை கழலாது. பெரும்பாலும் சில நாள் பிடிக்கும். அதற்குள் நகத்தால் சுரண்டினால் புதுச் செதிலும் சேர்ந்து பெயர்ந்து இரத்தம் கசியும். இந்த நாள்களில் இரை கொடுப்பதையும் தூக்கிக் கொஞ்சுவதையும் தள்ளிவையுங்கள்.

கண்ணில் செய்யும் தவறுதான் பெருந்தவறு. பாம்புக்கு இமை இல்லை. கண்ணை மூடியிருக்கும் ஒளிபுகும் செதிலும் சட்டையோடு கழல வேண்டும். உரித்த சட்டையின் தலைப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: குட்டி லென்ஸ்போல் இரண்டு வட்டங்கள் இருக்க வேண்டும். அவை இல்லாமல், பாம்பின் கண்ணும் மங்கிச் சுருக்கத்தோடு தெரிந்தால் செதில் தங்கிவிட்டது என்று பொருள். செலோ டேப், இடுக்கி எதுவும் வேண்டாம். அடியில் உள்ள புதுச் செதிலும் கிழிந்தால் கண்ணே போகும். ஈரப்பதத்தைச் சரிசெய்தால் அடுத்த சட்டையோடு பெரும்பாலும் வந்துவிடும். அப்போதும் வராவிட்டால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

வால்நுனிக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. அங்கே வளையமாக நின்ற தோல் காய்ந்து இறுகும், இரத்த ஓட்டம் நிற்கும், நுனி கறுத்துப் பட்டுப்போகும்.

ஒட்டிய தோல் இளகப் பாம்பை ஊறவைக்கும் தண்ணீர் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். கையை விட்டுப் பார்த்தால் போதாது, வெப்பமானி வையுங்கள். தண்ணீர் பாம்பின் உடம்புத் தடிமனில் பாதிக்கு மேல் வேண்டாம். காற்றுத்துளை போட்ட மூடியுள்ள டப்பாவில் 20 முதல் 30 நிமிடம், பக்கத்திலேயே இருந்து. பிறகு நனைந்த டர்க்கி டவலைத் தளர்வாகச் சுற்றிப் பிடித்து, பாம்பைத் தானாக ஊர்ந்து வெளியேற விடுங்கள். துணியின் உரசலே தோலைக் கழற்றும். மிச்சமிருந்தால் மறுநாள் இன்னொரு முறை. தேங்காய் எண்ணெய் தடவுவது வீண் வேலை. பிசுக்கில் கூண்டுத் தூசிதான் ஒட்டும்.

ஈரப்பதம் சாதாரணமாக 60 சதவீதத்தை ஒட்டியும், கண் மங்கியதும் 70-80 சதவீதமும் இருக்க வேண்டும். கூண்டின் மேலே ஒட்டிய முள் மீட்டரை நம்பாதீர்கள். டிஜிட்டல் மீட்டரின் முனை பாம்பு படுக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். வலைமூடிமேல் வெப்ப விளக்கு எரிந்தால் ஈரம் ஓடிவிடும். வலையில் பாதிக்கு மேல் மூடுங்கள், விளக்கடியை மட்டும் விட்டு.

அதற்காகக் கூண்டுத் தரை முழுவதையும் சொதசொதவென்று நனைப்பவர்கள் உண்டு. வயிற்றுச் செதில் அழுகும். பாம்பு நுழையும் அளவுக்குத் துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் பிடித்துவைக்கும் ஸ்பாக்னம் பாசியை நனைத்துப் பிழிந்து நிரப்பி மறைவிடமாக வைத்தால் போதும்.

இவ்வளவு செய்தும் ஒவ்வொரு முறையும் ஒட்டினால் தண்ணீர்க் கிண்ணத்தின் அடியைப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் கிடந்தால் அவை சிற்றுண்ணிகள் (mites). தாடையடியிலும் கண்ணோரத்திலும் இருக்கும். ஊறவைப்பதால் மட்டும் அவை ஒழியாது. பாம்புக்கு மருத்துவரின் மருந்தும், கூண்டுக்கு முழுச் சுத்தமும் சேர்ந்தே நடக்க வேண்டும்.