சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ்: ஜோடி எண்ணும் வழி

பத்தாவது படிக்கும் என் மகளுக்கு ஆங்கில வாக்கியத்தை சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்ற மூன்று வகைகளுக்குள் மாற்றி எழுதுவது பிடிபடவே இல்லை. நீளமாக இருந்தால் காம்ப்ளெக்ஸ், குட்டையாக இருந்தால் சிம்பிள் என்று எழுதிவிடுவாள். நீளத்துக்கும் வகைக்கும் சம்பந்தமே கிடையாது.

சரி, வகைகளின் பெயர்களை ஓரமாக வைப்போம் என்று, எழுவாய்-வினை ஜோடிகளை மட்டும் அடிக்கோடிடச் சொன்னேன். 'இன் ஸ்பைட் ஆஃப் ஹிஸ் இல்னஸ், ஹி கேம்': ஜோடி ஒன்றுதான், சிம்பிள். 'ஹி வாஸ் இல், பட் ஹி கேம்': இரண்டு ஜோடி, பிரித்தாலும் இரண்டும் தனியாக நிற்கும், காம்பவுண்ட். 'ஆல்தோ ஹி வாஸ் இல், ஹி கேம்': இதிலும் இரண்டுதான், ஆனால் ஆல்தோ ஒட்டிய பாதி தனியாக நிற்காது. அது காம்ப்ளெக்ஸ்.

அப்புறம் 'ஹி சாட் டவுன் அண்ட் சாங்' வந்தது. "அண்ட் இருக்கேப்பா, காம்பவுண்ட்தானே?" என்றாள். நல்ல கேள்வி. வினை இரண்டு இருந்தாலும் எழுவாய் ஒன்றுதான், அதனால் சிம்பிள். அண்டுக்குப் பிறகு இன்னொரு 'ஹி' போட்டால்தான் காம்பவுண்ட்.

ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், சோ என்று காம்பவுண்டின் இரண்டு பாதிகளை இணைக்கும் ஏழு சொற்களை மட்டும் மனப்பாடம் செய்யச் சொன்னேன். அதில் அவள் தப்பு செய்வதில்லை. இப்போது மிச்சமிருக்கும் தொல்லை, ஆல்தோவில் தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் பழக்கதோஷமாக ஒரு 'பட்' சேர்த்துச் செருகிவிடுவதுதான்.