தலைவலியோடு கண்ணீரும் மூக்கடைப்பும் வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

நெற்றியில் வலி, கண்ணில் நீர், மூக்கடைப்பு. மூன்றும் சேர்ந்து வந்தால் உடனே சைனஸ் என்று முடிவு கட்டிவிடுகிறோம். காய்ச்சலோ கெட்டிச் சளியோ இல்லாமல் அடிக்கடி வந்து போகும் வலியில் அந்த முடிவு பெரும்பாலும் தப்பு. அங்கே மூக்கை ஒழுக வைப்பது கிருமி அல்ல, நரம்பு.

முகம், கண், மூளையுறை ஆகியவற்றின் வலியை மூளைத்தண்டுக்குக் கொண்டுபோவது ட்ரைஜெமினல் நரம்பு. மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) தாக்கும்போது அதன் நுனிகளிலிருந்து, ரத்தக்குழாயை விரிக்கும் சிஜிஆர்பி என்ற புரதத்துணுக்கு கசிகிறது. வலி மூளைத்தண்டை எட்டியதும் அருகிலுள்ள பாராசிம்பதெடிக் மையம் (சுரப்பிகளைத் தானாகத் தூண்டும் நரம்பு மையம்) விழித்துக்கொள்ளும். அதன் இழைகள் முக நரம்போடு சேர்ந்து வந்து, மூக்குக்குப் பின்னால் உள்ள ஸ்பீனோபாலடைன் நரம்பு முடிச்சில் கைமாறி, கண்ணீர்ச் சுரப்பிக்கும் மூக்குச் சவ்வுக்கும் மூளையுறை ரத்தக்குழாய்களுக்கும் பிரிகின்றன. கண்ணில் தூசி விழுந்தால் நீர் கொட்டுவதும் இதே பாதையில்தான். விரிந்த குழாய்கள் உணர்நரம்பைத் திரும்பச் சீண்டி வலியை நீட்டிக்கின்றன என்பது பரவலான கருத்து.

அடுத்த முறை வலி வரும்போது கண்ணாடி முன் நின்று, முடிந்தால் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நேரத்தில் கண் தெளிந்திருக்கும். சொல்லிப் புரியவைப்பது கடினம். சிவப்பும் நீரும் ஒரு கண்ணிலா, இரண்டிலுமா? வலிக்கும் பக்கம் மட்டும் கண் சிவந்து கொட்டினால் கிளஸ்டர் வகையை, அதாவது கொத்துக் கொத்தாக வரும் கடுமையான ஒருபக்கத் தலைவலியைச் சந்தேகிக்கலாம். மைக்ரேனிலும் நீர் வரும்; ஆனால் லேசாக, பல நேரம் இரு பக்கமும்.

பிறகு கடிகாரம். சிகிச்சை எடுக்காத கிளஸ்டர் வலி 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும், ஒரே நாளில் 8 தடவைகூட வரலாம். மைக்ரேன் 4 முதல் 72 மணி நேரம். 2 முதல் 30 நிமிடத்தில் முடிந்து நாளுக்குப் பல முறை வருவது பராக்ஸிஸ்மல் ஹெமிக்ரேனியா என்ற இன்னொரு ஒருபக்கத் தலைவலியாக இருக்கலாம். அது இண்டோமெதசின் என்ற வலி மருந்துக்கு முழுமையாக அடங்கும் என்பதால் இந்தக் கணக்கு முக்கியம். நடத்தையையும் எழுதுங்கள்: மைக்ரேன்காரர் இருட்டறையில் அசையாமல் படுப்பார், கிளஸ்டர்காரருக்கு உட்காரவே முடியாது, நடந்துகொண்டே இருப்பார்.

சைனஸ் என்று நம்பி மூக்கடைப்பு ஸ்ப்ரேயை ஒரு வாரத்துக்கு மேல் அடித்தால் அடைப்பே இன்னும் மோசமாகித் தொடரும் அபாயம் உண்டு. ஆன்டிபயாடிக் இங்கே வெறும் செலவு. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ, மைக்ரேனுக்கான டிரிப்டான் வகை மருந்தை 10 நாளோ எடுப்பது 3 மாதம் தாண்டினால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களுக்கு டிரிப்டான் ஆகாது.

கிளஸ்டர் தாக்குதலுக்கு மருத்துவர் ஆக்ஸிஜன் எழுதிக்கொடுத்தால் அளவில் கறாராக இருங்கள்: 100 சதவீத ஆக்ஸிஜன், நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர், பை வைத்த இறுக்கமான மாஸ்க், நிமிர்ந்து உட்கார்ந்து 15 நிமிடம். "ஆக்ஸிஜனுக்கு வலி அடங்கவில்லை" என்பவர்களில் பலர் மூக்குக்குழாயில் 4 லிட்டர் வைத்துப் பார்த்தவர்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், தீ கூடவே கூடாது.

இமை தொங்கி, அதே பக்கத்துக் கண்மணி சுருங்கியிருந்தால் அது வேறு கதை: கண்மணியை விரித்து இமையைத் தூக்கிப் பிடிக்கும் சிம்பதெடிக் நரம்பு தளர்ந்திருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் அந்தக் கண்மணி மட்டும் விரியாது. கிளஸ்டரிலும் இது வரும். ஆனால் முதல் முறையாக, புதிய கழுத்து வலியோடு வந்தால் கழுத்துத் தமனியின் சுவர் கிழிந்திருக்கலாம். அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நொடிகளில் உச்சத்துக்கு ஏறும் வலி, கழுத்து விறைப்போடு காய்ச்சல், 50 வயதுக்குப் பின் முதன்முதலாகத் தொடங்கும் தலைவலி, இவற்றுக்கும் குறிப்பெழுதிக் காத்திருக்கக் கூடாது.