ஐ.ஜி.பி.டி. போன டிரைவில் நாம் செய்யும் தவறுகள்

ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ ஆலை. அரவை மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் ஓவர்கரண்ட் காட்டி நின்றிருந்தது. மோட்டாருக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் ஆறு ஐ.ஜி.பி.டி. சுவிட்சுகள் அடங்கிய மாட்யூலில் ஒரு ஃபேஸ் ஷார்ட். புதுசு வாங்கி மாட்டி நேராக 415 வோல்ட் கொடுத்தேன். டப்பென்று ஒரே சத்தம்தான், புது மாட்யூலும் போச்சு. காசு என்னுடையது.

செத்தது எது என்று பார்த்தேனே தவிர, கொன்றது எது என்று பார்க்கவில்லை. கேட் என்ற கட்டுப்பாட்டு முனைக்குச் சுமார் 15 வோல்ட் வந்தால்தான் ஐ.ஜி.பி.டி. முழுதாகத் திறக்கும். அந்த வோல்ட்டைக் கொடுக்கும் டிரைவர் சப்ளையின் குட்டி கெபாசிட்டர் காய்ந்துபோனால் அது 10, 11 ஆக இறங்கிவிடும். அரைகுறையாகத் திறந்தபடி முழு கரண்டையும் சுமந்தால் சூடேறிப் போகாமல் என்ன செய்யும்? மாட்யூல் வெடிக்கும்போது கேட் ரெசிஸ்டரையும், சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் ஆப்டோகப்ளரையும் கூடவே இழுத்துக்கொண்டு போவதும் உண்டு. எனவே புதுசை மாட்டும் முன் ஆறு கேட் சிக்னல்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது டயோடு டெஸ்ட். சிவப்பு முனையை டி.சி. மைனஸில் வைத்து, கறுப்பால் மோட்டாருக்குப் போகும் முனைகளை யு, வி, டபிள்யூ என்று ஒவ்வொன்றாகத் தொட்டால் 0.3 முதல் 0.5 வரை, மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு வரவேண்டும். சரி, வந்துவிட்டது. மாட்யூல் நல்லதா? அவசரப்படாதீர்கள். மீட்டர் பார்த்தது உள்ளே இருக்கும் டயோடை மட்டும்தான். மீட்டரின் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு ஐ.ஜி.பி.டி. திறக்காது. அது ஓப்பன் ஆகியிருந்தாலும் இந்த டெஸ்டில் பாஸ் ஆகிவிடும். கழற்றிய மாட்யூல் என்றால் 9 வோல்ட் பேட்டரியை கேட்டுக்கும் எமிட்டருக்கும் நடுவே கொடுத்து, கலெக்டர் பக்கம் கடத்துகிறதா, கேட்டையும் எமிட்டரையும் சேர்த்துத் தொட்டதும் நிற்கிறதா என்று பார்க்கலாம்.

மோட்டார் ஒயரைக் கழற்றாமல் அளப்பவர்களும் இருக்கிறார்கள். வைண்டிங் மூன்று ஃபேஸையும் இணைத்துவிடுவதால் ஒன்று ஷார்ட் ஆனாலும் மூன்றும் ஷார்ட்டாகவே தெரியும். ஒயர் இருக்கும்போதே, இன்சுலேஷன் பார்க்க உயர் வோல்ட் செலுத்தும் மெக்கரைப் போட்டால், நல்ல மாட்யூலையும் நாமே கொன்றுவிடுவோம்.

மெயினை அணைத்ததும் கை வைக்காதீர்கள். டிரைவின் உள்ளே மாட்யூலுக்கு டி.சி. கொடுக்கும் பெரிய கெபாசிட்டர்களில், அதாவது டி.சி. பஸ்ஸில், 585 வோல்ட் வரை தேங்கி நிற்கும். பத்து நிமிடம் காத்திருந்தாலும் மீட்டரால் அளந்த பிறகே தொடுங்கள்.

முதல்முறை பவர் கொடுக்கும்போது மோட்டார் வேண்டாம். டி.சி. பஸ் கெபாசிட்டருக்கும் மாட்யூலுக்கும் நடுவே, பிளஸ் பக்கத்தில், மூன்று 230 வோல்ட் குண்டு பல்புகளை சீரிஸில் போடுங்கள். பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, மாட்யூல் பிழைத்தது. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பழைய இழை பல்புகள் நாலைந்தை இதற்கென்றே பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அந்த சேகோ ஆலை டிரைவிலும் காய்ந்திருந்தது அந்தக் குட்டி கெபாசிட்டர்தான். ஏன் காய்ந்தது என்பது ஹீட்சிங்க்கைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. கிழங்கு மாவும் ஈரமும் சேர்ந்து, தகடுகளின் இடுக்கெல்லாம் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைத்து அடைத்திருந்தது. ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது, காற்றுதான் போகவில்லை.