பழைய டெஸ்க்டாப் சூடாகிறதா? கூலர் வாங்கக் கிளம்பும்முன் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் வீட்டு டெஸ்க்டாப் 2012-ல் அசெம்பிள் செய்தது. ஐ5-2400 ப்ராசசர், எச்61 மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மேல்பக்கம் உட்கார்ந்திருக்கும் பழைய மாடல் கேபினெட். சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதத்தில் அது மிக்ஸி மாதிரி கத்த ஆரம்பித்தது. வீடியோ எடிட்டிங்கில் பத்து நிமிடம் தாண்டினால் தானாக அணைந்துவிடும். நான் யோசிக்கவே இல்லை. நேராகச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், கடைக்காரர் காட்டிய பெரிய டவர் கூலரை, அதாவது ப்ராசசரின் சூட்டைத் தணிக்க அதன் மேல் கோபுரம் மாதிரி நிற்பதை, வாங்கிக்கொண்டு வந்தேன். மதியம் முழுக்கப் போராடி மாட்டி முடித்தபோது கேபினெட்டின் பக்கக் கதவு மூடவில்லை. கூலரின் உயரம் கிட்டத்தட்ட 16 செ.மீ. கேபினெட்டுக்குள் போர்டிலிருந்து கதவு வரை இருந்த இடம் 14 செ.மீ. ஐந்து ரூபாய் ஸ்கேலை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதைவிடப் பெரிய கூத்து அப்புறம்தான் புரிந்தது. எனக்குப் புதுக் கூலரே தேவைப்படவில்லை.

பழைய கம்ப்யூட்டர் சூடாவதற்குக் கூலர் சிறியதாக இருப்பது பெரும்பாலும் காரணமே அல்ல. அதே கூலர் முதல் மூன்று நான்கு வருடம் ஒழுங்காகத்தானே வேலை செய்தது? நடுவில் மாறியது தூசும், ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவியிருக்கும் பேஸ்ட் காய்ந்துபோனதும், தளர்ந்த பிடியும்தான். ஆனால் நாம் தலைகீழாக, முதலில் காசைச் செலவழித்துவிட்டுக் கடைசியில்தான் திறந்து பார்க்கிறோம்.

திறப்பதற்கும் முன்னால் வெப்பநிலையை அளந்துகொள்ள வேண்டும். விண்டோஸில் கோர் டெம்ப், எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் போட்டுக்கொள்ளலாம். பயோஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங்ஸ் திரையில், தெரியும் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். அங்கே ப்ராசசர் முழு ஓய்வுக்குப் போவதில்லை, அதனால் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். சும்மா இருக்கும்போது எவ்வளவு, பதினைந்து நிமிடம் முழு வேலை கொடுத்தால் எவ்வளவு, அந்த நேரத்தில் அறை வெப்பம் எவ்வளவு என்று மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இதில் மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கூலர் குளிரை உண்டாக்குவதில்லை, ப்ராசசரின் சூட்டை அறைக் காற்றுக்குக் கடத்துகிறது. மார்கழியில் 25 டிகிரி அறையில் 62 காட்டிய கம்ப்யூட்டர் சித்திரையில் 38 டிகிரி அறையில் 75 காட்டினால் எதுவும் கெட்டுப்போகவில்லை. வெயில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். இந்தத் தலைமுறை இன்டெல் ப்ராசசர்கள் 100 டிகிரியை ஒட்டிப் போகும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முழு வேலையில் 70 முதல் 80 வரை என்றால் நம் ஊர் கோடைக்கு நிம்மதியாக இருக்கலாம். 85-ஐத் தாண்டினால் திறந்து பாருங்கள்.

சூடு ஏறும் வேகத்தையும் பார்க்க வேண்டும், அது நிறைய சொல்லும். வேலை கொடுத்த இரண்டு மூன்று நொடியிலேயே 45-லிருந்து 90-க்குத் தாவினால், ப்ராசசரும் ஹீட்சிங்கும் (கூலரில் சூட்டை வாங்கும் உலோகப் பகுதி) சரியாக ஒட்டவில்லை: பேஸ்ட் காய்ந்திருக்கும் அல்லது கூலரைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் பின் கழன்றிருக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏறினால் தூசு அடைத்திருக்கிறது, இல்லை கேபினெட்டுக்குள் காற்றோட்டம் இல்லை. 65, 70 டிகிரியிலேயே பட்டென்று அணைந்தால் கூலரைத் திட்டாதீர்கள். எஸ்எம்பிஎஸ் களைத்திருக்கலாம், போர்டில் கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கலாம். புதுக் கூலரால் அது தீராது.

சரி, இனி தூசு. ஸ்க்ரூவைக் கழற்றி, கதவைத் திறந்து, பெயின்ட் பிரஷ்ஷால் ஃபேன் இறக்கைகளைத் துடைத்துவிட்டு மூடுவதைத்தான் பலர் சர்வீஸ் என்று நினைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் தூசு அவ்வளவாகத் தொந்தரவு தராது. தொந்தரவு ஃபேனுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் இருக்கிறது. ப்ராசசரோடு கம்பெனியே தரும் ஸ்டாக் கூலரில் ஃபேன் நான்கு பிளாஸ்டிக் கொக்கிகளில் நிற்கும், அதை மெதுவாக நெம்பி எடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டுக் கூலரில் அலுமினியத் தகடுகளுக்கு மேல் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு விரிப்பு கிடந்தது. விரலால் ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். வட்டமாக, தோசை எடுப்பது போல, முழுசாகக் கையோடு வந்தது. மேலிருந்து ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அந்த விரிப்பைத் தாண்டி ஒரு மூச்சுக் காற்றுகூடக் கீழே போயிருக்காது. அதனால்தான் அத்தனை சத்தம்.

ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் அது தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் போய்விடும். வீட்டைப் பெருக்கும் வாக்குவம் கிளீனரின் குழாயைப் போர்டுக்கு அருகே கொண்டுபோகாதீர்கள், நிலைமின்சாரம் உண்டாகும். ஈரத் துணி வேண்டவே வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸை வெளியிலிருந்தே ஊதி விடுங்கள், அதன் பெட்டியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே டிசி ஆக மாறும்போது கெப்பாசிட்டரில் 320 வோல்ட் அளவுக்குத் தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். பட்ஜெட் வேலையில் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

பேஸ்ட் மாற்ற வேண்டுமென்றால் ஹீட்சிங்கைக் கழற்றியாக வேண்டும். பழைய ஏஎம்டி கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். ஏஎம்2, ஏஎம்3, ஏஎம்4 சாக்கெட்டுகளில் (போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம்) பின்கள் ப்ராசசரின் அடியில் இருக்கும். காய்ந்த பேஸ்ட் பசை மாதிரி பிடித்துக்கொள்வதால், ஹீட்சிங்கை நேராக மேலே இழுத்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்து ப்ராசசரும் கூடவே பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பின்கள் வளைந்தால் கதை முடிந்தது. கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கை எடுத்து, பேஸ்ட் இளகியிருக்கும்போதே ஹீட்சிங்கை இடமும் வலமுமாக லேசாகத் திருகி எடுங்கள்.

பேஸ்ட் என்பது சூட்டைக் கடத்தும் மாயப் பொருள் என்ற எண்ணம்தான் அடுத்த தவறுக்குக் காரணம். உண்மையில் அது செம்பைவிடப் பல மடங்கு மோசமான கடத்தி. செம்பின் கடத்துதிறன் சுமார் 400 என்றால் சாதாரண பேஸ்டுக்கு ஒற்றை இலக்கம்தான். ஆனால் காற்றுக்கு 0.03-கூட இல்லை. ப்ராசசர் மூடியும் ஹீட்சிங்கும் பார்க்க வழவழப்பாக இருந்தாலும் நடுவில் நுண்ணிய பள்ளங்கள் இருக்கும், அவற்றில் காற்று நிற்கும். அந்தக் காற்றை வெளியேற்றி இடத்தை நிரப்புவது மட்டும்தான் பேஸ்டின் வேலை. அதைச் சந்தனம் பூசுவது போல அப்பினால் இரண்டு உலோகங்களுக்கும் நடுவே போர்வை போர்த்தியது போலாகிவிடும். நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு போதும், ஹீட்சிங்கின் அழுத்தமே பரப்பிவிடும். பழைய பேஸ்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் முழுக்கத் துடைத்த பிறகுதான் புதியதை வைக்க வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள். பல் தேய்க்கும் பேஸ்டை வைத்துச் சாதித்ததாகச் சிலர் சொல்வார்கள். ஈரம் இருக்கும்வரை வேலை செய்யும், சீக்கிரமே காய்ந்து முன்பைவிட மோசமாகும். திரவ உலோகம் என்று விற்பதை ஸ்டாக் கூலருக்கு வாங்கவே வாங்காதீர்கள். அதில் உள்ள காலியம் அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும். பெயர் தெரிந்த கம்பெனியின் சாதாரண பேஸ்டுக்கும் விலை கூடியதற்கும் இந்த மாதிரி ப்ராசசரில் சில டிகிரிதான் வித்தியாசம்.

திரும்ப மாட்டும்போதுதான் நான் இரண்டாவது முறை மாட்டிக்கொண்டேன். தூசு எடுத்தாயிற்று, புது பேஸ்ட் வைத்தாயிற்று, ஆன் செய்தால் சும்மா இருக்கும்போதே 90 டிகிரி. முன்பைவிட மோசம்! காரணம் ஒரே ஒரு புஷ் பின். இன்டெல் ஸ்டாக் கூலரின் நான்கு கால்களிலும் மேலே கறுப்புத் தலை, அதில் ஓர் அம்புக்குறி. அந்த அம்புக்குறியைப் பார்த்து, மாட்டுவதற்கு அப்படித் திருப்ப வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம். அது கழற்றுவதற்கான திசை. மாட்டுவதற்கு முன் நான்கையும் அம்புக்கு எதிர்ப்பக்கம் முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு, திருகாமல் நேராக அழுத்த வேண்டும். குறுக்கும் மறுக்குமாக, எதிரெதிர் மூலைகளை ஜோடி ஜோடியாக. ‘டக்’ என்று சத்தம் கேட்கும். ஆனால் சத்தத்தை நம்பாதீர்கள், எனக்கு நான்கு முறையும் கேட்டது. போர்டின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்: ஒவ்வொரு ஓட்டையிலும் வெளிறிய பிளாஸ்டிக் கால் இரண்டாகப் பிளந்து விரிந்திருக்க வேண்டும், அதன் நடுவில் கறுப்புக் குச்சி எட்டிப் பார்க்க வேண்டும். எனக்கு ஒரு மூலையில் கால் விரியாமல் ஓட்டைக்குள்ளேயே மடங்கிக் கிடந்தது. கேபினெட்டுக்குள் வைத்தபடியே பலத்தைக் காட்டி அழுத்தினால் போர்டு வில்லாக வளையும். பொறுமை இருந்தால் போர்டை வெளியே எடுத்து மாட்டுங்கள். பத்து வருடச் சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் பிடிப்பை இழந்திருந்தால் கால்களை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் 85-க்குக் கீழே வரவில்லையென்றால் கூலர் மாற்றலாம், தவறில்லை. முதலில் ஸ்கேல். அப்புறம் சாக்கெட். இன்டெல்லின் எல்ஜிஏ 1156, 1155, 1150, 1151, 1200 சாக்கெட்டுகள், இவற்றுக்கெல்லாம் ஓட்டைகளின் இடைவெளி ஒன்றுதான், 75 மி.மீ. ஆகவே 1200 வரையிலான பிந்தைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய கூலர்கூடப் பொருந்தும். 775-க்கு 72, 1700-க்கு 78, அவை சேராது. ‘இன்டெல்லுக்குன்னா எல்லாத்துக்கும் வரும் சார்’ என்று கடையில் சொன்னால் தலையாட்டாதீர்கள். குறைந்த செலவு வழி ஒன்று உண்டு: இன்டெல் ஸ்டாக் கூலரிலேயே இரண்டு வகை இருக்கிறது. முழுக்க அலுமினியம் ஒன்று, நடுவில் செம்பு பதித்தது இன்னொன்று. செகண்ட் ஹேண்ட் கடையில் கவிழ்த்துப் பார்த்து, நடுவில் செம்பு வட்டம் தெரிகிறதை வாங்குங்கள். டவர் கூலர் வைப்பவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. ஸ்டாக் கூலர் காற்றைக் கீழ்நோக்கி ஊதுவதால், சாக்கெட்டைச் சுற்றியுள்ள மின்சாரப் பகுதிக்கும் போகிற போக்கில் காற்று கிடைக்கும். டவரில் அது கிடைக்காது. பழைய மலிவு போர்டுகளில் அந்தப் பகுதிக்குத் தனி ஹீட்சிங்கும் இருக்காது. வாட்டர் கூலிங்கைப் பற்றி இந்த வயதுக் கம்ப்யூட்டருக்குப் பேசவே வேண்டாம்.

ஆபீஸ்களிலிருந்து வரும் பிராண்டட் கம்ப்யூட்டர் என்றால் இன்னும் நிதானம் தேவை. பல மாடல்களில் ஃபேன் கனெக்டரே வேறு மாதிரி, சிலவற்றில் ஐந்து பின். வெளிக் கூலரை எப்படியோ இணைத்தாலும், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஃபேன் பழுது என்று நின்று எஃப்1 அழுத்தச் சொல்லும். அந்த மாடலுக்கான கூலரையே பழைய சாமானில் தேடுவது மேல்.

கேபினெட் ஃபேன் விஷயத்தில் எண்ணிக்கை ஆசைதான் தவறு. கலர் கலராக எரியும் ஃபேன் நான்கு வாங்கி, எல்லாவற்றையும் ஒரே கனெக்டரில் பிரித்துக் கொடுப்பார்கள். போர்டின் ஒரு ஃபேன் கனெக்டர் பொதுவாக 1 ஆம்பியர்தான் தாங்கும். முன்பக்கம் ஒன்று உள்ளே இழுக்க, பின்பக்கம் ஒன்று வெளியே தள்ள, அது போதும். ஸ்டிக்கரும் குறுக்குச் சட்டமும் உள்ள பக்கமாகத்தான் காற்று வெளியேறும். சந்தேகமாக இருந்தால் ஊதுபத்தி ஏற்றிக் காட்டுங்கள், புகை சொல்லிவிடும். இரண்டையும் வெளியே தள்ளும்படி மாட்டிவிட்டு, காற்று வரவில்லையே என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று பின் ஃபேனை நான்கு பின் கனெக்டரில் மாட்டலாம், ஓடும். ஆனால் பயோஸில் வேகக் கட்டுப்பாட்டை வோல்டேஜ் முறைக்கு மாற்ற வழியில்லையென்றால் எப்போதும் முழு வேகம்தான்.

செலவே இல்லாத தவறுகள் இரண்டு. கம்ப்யூட்டர் டேபிளில் சிபியூவுக்கென்று மூடிய அறை ஒன்று இருக்குமே, அதற்குக் கதவும் இருக்கும். அதற்குள் வைத்துக் கதவைச் சாத்தினால், வெளியே தள்ளிய சூட்டையே திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். மேலே பூப்போட்ட துணி உறை வேறு. வெளியே எடுத்து, பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். இன்னொன்று, பக்கக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவது. முதல் நாள் சில டிகிரி குறையும். ஆனால் முன்னிருந்து பின்னாக ஓட வேண்டிய காற்று கலைந்துவிடும், தூசு இரட்டிப்பாகும், எறும்பும் பல்லியும் குடிவரும். பல்லி எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் போன வீட்டில் என்ன வாசனை வரும் என்பதை நான் எழுதப் போவதில்லை.

எங்கள் கம்ப்யூட்டருக்குக் கடைசியில் ஆன செலவு ஒரு பேஸ்ட் ட்யூப், ஒரு 120 மி.மீ. ஃபேன். டவர் கூலரைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, பாதி விலைக்கு நண்பரிடம் தள்ளினேன். மிச்சப் பணத்தில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி போட்டது, அத்தனை கூத்தையும்விட அதிக வித்தியாசம் தந்தது. இப்போது பக்கக் கதவின் உள்பக்கம் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறை தூசு எடுத்த பிறகும் தேதி போட்டு மூன்று எண்கள் எழுதுவேன். முதல் வரி மட்டும் தூசு எடுப்பதற்கு முன் அளந்தது: அறை 37, சும்மா 61, முழு வேலை 98. அதற்கு அடுத்த வரி: அறை 36, சும்மா 46, முழு வேலை 73.