எம்ஜிபிக்கு மாற்று இன்ஜின் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி ஷெட்டில் நிறுத்தி வேலை பார்ப்பவர்களிடம் பேசினால், பாதியில் நின்றுபோன கதைகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி ஆரம்பிக்கும்: "நல்ல இன்ஜின் ஒன்று சல்லிசாகக் கிடைத்தது, எடுத்துப் போட்டேன்." இன்ஜின் சல்லிசுதான். அதை உட்கார வைக்கும் மவுண்ட், புது சம்ப் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி), பெல் ஹவுஸிங் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு), கிளட்ச், புரொப்பெல்லர் ஷாஃப்ட், ரேடியேட்டர், எக்ஸாஸ்ட், வயரிங் என்று வரிசையாக வரும் செலவை யாரும் முதல் நாள் எழுதி வைப்பதில்லை. இன்ஜினைத் தேர்ந்தெடுப்பது என்றால் இது அத்தனையையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பது. கீழே சொல்லும் எல்லாத் தவறுகளும் இதை மறப்பதிலிருந்துதான் கிளம்புகின்றன.

உதாரணத்துக்கு எம்ஜி கம்பெனியின் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரான கார். நாலு சிலிண்டர், ஆறு சிலிண்டர், வி8 என்று மூன்று வகை இன்ஜினையும் கம்பெனியே இந்த பாடியில் போட்டுப் பார்த்துவிட்டது. எது சரிவந்தது, எது வரவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேறு காரில் கிடைப்பது அரிது.

பழைய இன்ஜினைச் சோதிக்காமலே தூக்கிப் போடுவது

புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது, இழுவை இல்லை. உடனே "இன்ஜின் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒரு கம்ப்ரஷன் கேஜ் வாங்கும் காசில் தீரும் சந்தேகம் இது.

இன்ஜினைச் சூடாக்குங்கள். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றி ஒவ்வொரு சிலிண்டராக அளவைக் குறியுங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்கள் பொய் சொல்லும். எண் எவ்வளவு என்பதைவிட நாலுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். ஒரு சிலிண்டர் மட்டும் இறங்கியிருந்தால் பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது போர் தேய்மானம். ஏறாவிட்டால் கோளாறு வால்வில். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து இறங்கியிருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். எம்ஜிபி ஹெட்டில் நடு இரண்டு சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் ஒரே வழியாக வெளியேறுவதால் அந்த இடத்தில் சூடு அதிகம், விரிசல் விடும் இடமும் அதுதான். ஹெட்டைக் கழற்றினால் முதலில் அங்கே பாருங்கள்.

அப்புறம் ஆயில் பிரஷர். இந்த இன்ஜின் சூடான பிறகு ஓட்டத்தில் 50 முதல் 80 பிஎஸ்ஐ, ஐடிலில் 10 முதல் 25 காட்ட வேண்டும் என்பது கம்பெனிக் கணக்கு. டாஷ்போர்டில் இருக்கும் ஐம்பது வருஷப் பழைய கேஜை நம்பி இன்ஜினுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள், வேறொரு கேஜைப் பொருத்திப் பாருங்கள்.

எம்ஜிபியின் நாலு சிலிண்டர் இன்ஜினுக்கு பி சீரிஸ் என்று பெயர், வார்ப்பிரும்பு பிளாக். சிலிண்டரை அறுபது தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை பெரிதாகக் கடைந்து ரீபோர் பண்ணலாம், அதற்கு மேலும் லைனர் போட்டு மீட்கலாம். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைக் கிரைண்டிங் செய்து அண்டர்சைஸ் பேரிங் போடலாம். பிஸ்டன், பேரிங், வால்வு, கேஸ்கெட் எல்லாம் இன்றும் பிரிட்டனில் புதிதாகக் கிடைக்கின்றன. இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்: எம்ஜிபி வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோருக்குச் சரியான மாற்று இன்ஜின், அவர்கள் காரில் ஏற்கெனவே இருக்கும் இன்ஜின்தான். ஒழுங்காக ஓவர்ஹால் செய்து, ஈயமில்லாத பெட்ரோலுக்கு ஏற்ற கடினமான வால்வு சீட் போட்டு, கார்ப்பரேட்டரைச் சரியாகச் செட் பண்ணினால் இந்தக் கார் ஓட்டுவதற்கு எப்படி இருக்க வேண்டும் என்று அதைச் செய்தவர்கள் நினைத்தார்களோ அப்படியே இருக்கும். அந்த சுகத்தை அனுபவிக்காமலே இன்ஜினை மாற்றுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தம்தான்.

"ஒரே குடும்பம்தானே, உட்காரும்" என்ற நம்பிக்கை

சரி, பிளாக்கே உடைந்துவிட்டது, அதே வகை இன்ஜின் தேடுகிறீர்கள். இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். பி சீரிஸ் என்ற பெயரில் ஏகப்பட்ட இன்ஜின்கள் உண்டு. நம்மூர் ரோட்டில் பல பத்தாண்டுகள் ஓடிய அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதே குடும்பம்தான். 1955-ல் வந்த எம்ஜிஏ காரிலும் அதே 1489 சிசிதான் இருந்தது. அதற்காக அம்பாசிடர் இன்ஜினை எம்ஜிபியில் போடலாம் என்று கணக்குப் போடக்கூடாது. எம்ஜிபி இன்ஜின் 1798 சிசி, 95 குதிரைத்திறன். அம்பாசிடருடையது அதில் பாதியை ஒட்டித்தான் வரும்.

எம்ஜிபிக்குள்ளேயே போவோம். 1962 முதல் 1964 வரை வந்தவற்றில் கிராங்க் மூன்று மெயின் பேரிங்கில் நிற்கும். இன்ஜின் எண் 18ஜி, 18ஜிஏ என்று தொடங்கும். 1964 அக்டோபரில் வந்த 18ஜிபி முதல் ஐந்து பேரிங். உறுதி கூடியது, நல்ல மாற்றம். ஆனால் ஆரம்பகால காரில் ரெவ் கவுண்டர் (இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர்) கேபிளில் ஓடும், அந்தக் கேபிளுக்குச் சுழற்சி கேம் ஷாஃப்டின் பின்முனையிலிருந்து வருகிறது. ஐந்து பேரிங் இன்ஜின் வந்தபோது ரெவ் கவுண்டர் மின்சாரத்துக்கு மாறிவிட்டது. பழைய காரில் புதிய இன்ஜினைப் போட்டு எல்லாவற்றையும் முறுக்கி முடித்த பிறகு, கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு மாட்ட இடமில்லாமல் நிற்க வேண்டியதுதான்.

1967 கடைசியில் இன்னொரு பெரிய மாற்றம். எல்லா கியருக்கும் சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) உள்ள புது கியர்பாக்ஸ் வந்தது. கூடவே இன்ஜின் பின்தட்டு, ஃப்ளைவீல், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் மாறின. டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது, பேட்டரியின் பாசிட்டிவ் முனையை பாடியோடு இணைக்கும் பாசிட்டிவ் எர்த் போய் நெகட்டிவ் எர்த் வந்தது. ஆகவே 1970-ஆம் வருஷ இன்ஜினை 1966 காரில் வைக்கும்போது பின்தட்டு, ஃப்ளைவீல், ஸ்டார்ட்டர் மூன்றும் பழைய காரின் செட்டாகவே இருக்க வேண்டும், அல்லது கியர்பாக்ஸோடு சேர்த்துப் புதுசாக வர வேண்டும். இரண்டையும் கலந்தால் ஸ்டார்ட்டர் பல் ரிங் கியரில் சேராது. கியர்பாக்ஸ் ஷாஃப்டின் முனை கிராங்கில் உட்காரும் பைலட் புஷ்ஷையும் வெர்னியரால் அளந்துவிடுங்கள், கண்ணளவு போதாது.

மாரிஸ் மரீனா காரிலிருந்து வரும் 1.8 இன்ஜினும் சந்தையில் அலையும். உள்ளே கிட்டத்தட்ட அதே சரக்கு. ஆனால் அதில் பெட்ரோல் பம்ப் இன்ஜினிலேயே இருக்கும், எம்ஜிபியில் மின்சார பம்ப் பின்பக்கம் இருக்கும். சம்ப்பும் வேறு. தெரிந்து வாங்கினால் பயன்படும். "எம்ஜிபி இன்ஜின்" என்று சொல்லி விற்கும்போது ஏமாறக்கூடாது.

இன்ஜின் எண் பிளாக்கில் ரிவெட் அடித்த சின்னத் தகடில்தான் இருக்கும். தகடு கழன்று வரக்கூடியது. 48ஜி என்று தொடங்கினால், கம்பெனி 'கோல்ட் சீல்' என்ற பெயரில் மாற்றிக் கொடுத்த இன்ஜின் என்று அர்த்தம். தகடை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள், பின்தட்டையும் ஃப்ளைவீலையும் பாருங்கள்.

குதிரைத்திறனை மட்டும் பார்ப்பது

இதற்கான பாடத்தை எம்ஜி கம்பெனியே நடத்திக் காட்டியது. 1967-ல் எம்ஜிசி என்ற காரை விட்டார்கள். எம்ஜிபி பாடி, 2912 சிசி ஆறு சிலிண்டர், 145 குதிரைத்திறன். காகிதத்தில் அற்புதம். ஆனால் அந்த இன்ஜின் நாலு சிலிண்டரைவிட 90 கிலோவுக்கும் மேல் கனம். நீளமும் உயரமும் கூட. பானட்டில் புடைப்பு வைத்தார்கள், முன் சஸ்பென்ஷனை டார்ஷன் பாருக்கு (ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கும் கம்பி) மாற்றினார்கள், சக்கரத்தைப் பெரிதாக்கினார்கள். அப்படியும் மூக்கு கனத்து வளைவில் திரும்ப மறுக்கிறது என்று அந்தக் காலப் பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. 1969-ல் கதை முடிந்தது.

நாலு வருஷம் கழித்து, 1973-ல் எம்ஜிபி ஜிடி வி8. ரோவரின் 3528 சிசி இன்ஜின், 137 குதிரைத்திறன். எண்ணைப் பார்த்தால் எம்ஜிசியைவிடக் குறைவு. ஆனால் முழுக்க அலுமினியம் என்பதால் எடை பழைய நாலு சிலிண்டரை ஒட்டியே இருந்தது. காரின் சமநிலை கெடவில்லை. 1976 வரை 2,591 கார்கள்தான் செய்தார்கள், இன்றைக்கும் அதற்குத் தனி மரியாதை. கம்பெனிக்கு முன்பே இதே வேலையைத் தன் பட்டறையில் செய்து விற்றுக் காட்டியவர் கென் காஸ்டெல்லோ.

வி8 போட்டபோது கம்பெனி வேறு என்னென்ன மாற்றியது என்று பாருங்கள். முன் பிரேக் டிஸ்க்கைத் தடிமனாக்கினார்கள். பின் ஆக்ஸில் ரேஷியோவை 3.9-லிருந்து 3.07 ஆக்கினார்கள். அப்படியும் மூன்றாவது கியரில் ஓவர்டிரைவ் (இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) அந்த இழுவையைத் தாங்காது என்பதால் பின்னால் அதை நாலாவது கியருக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தினார்கள். கம்பெனிக்கே கியர்பாக்ஸ் பயம் இருந்தது என்றால், நாலு சிலிண்டரின் பழைய கியர்பாக்ஸோடு 4.6 லிட்டர் வி8-ஐக் கோத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ரேஷியோ கணக்கையும் இன்ஜின் வாங்கும் முன்பே போட்டுவிடுங்கள். பழைய 3.9 ஆக்ஸிலோடு டாப் கியரில் மணிக்கு 100 கிலோமீட்டரில் இன்ஜின் ஏறக்குறைய 3,500 சுற்று சுற்றும். 3.07 போட்டால் 2,700-க்குப் பக்கத்தில் வரும். ஐந்தாவது கியர் 0.8 அளவில் உள்ள ஐந்து கியர் பாக்ஸ் போட்டால், பழைய ஆக்ஸிலோடே ஏறக்குறைய அதே 2,800 கிடைத்துவிடும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஐந்தாவது கியரில் இன்ஜின் திணறும் அளவுக்குச் சுற்று இறங்கிவிடும்.

அளக்காமல் வாங்குவது

"இன்ஜின் பே பெரிசு, எதுவும் உட்காரும்" என்பார்கள். நீள அகலத்தைவிட முக்கியமானது கீழே. எம்ஜிபியில் முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர் இன்ஜினின் முன்பகுதிக்குக் கீழே ஓடுகிறது. அதனால் சம்ப்பின் ஆழமான பகுதி பின்னால் இருந்தாக வேண்டும். முன்னால் ஆழமுள்ள சம்ப் கொண்ட இன்ஜின் என்றால் சம்ப்பை வெட்டி ஒட்டணும், ஆயில் பிக்கப் குழாயையும் இடம் மாற்றணும். அது சரியில்லாமல் போனால் வளைவில் ஆயில் ஒதுங்கி பேரிங் கருகும்.

முன்சக்கர இழுவைக் காரின் நவீன இன்ஜினை நீளவாக்கில் திருப்பி வைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். குறுக்கே இருந்தபோது சௌகரியமாக இருந்த தண்ணீர்க் குழாய், திருப்பியதும் நேராக ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகடு) போய் முட்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் ஸ்டீயரிங் ஷாஃப்ட் பக்கம் வருகிறதா என்றும் பாருங்கள். வி8 போடுபவர்களுக்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் ஸ்டீயரிங் கம்பிக்கும் நடுவே நடக்கும் சண்டைதான் முதல் தலைவலி.

கார் எந்த வருஷத்தது என்பதும் கணக்கில் வரும். 1974 கடைசியில் ரப்பர் பம்பர் வந்ததை ஒட்டி, நாலு சிலிண்டர் கார்களுக்கும் வி8 உட்காரக்கூடிய இன்ஜின் பேயையே கம்பெனி போடத் தொடங்கியது. 1977 மாடலிலிருந்து ரேடியேட்டரும் முன்னால் தள்ளி வந்துவிட்டது. சேகரிப்பாளர்கள் மதிப்பதோ பழைய குரோம் பம்பர் காரை. வி8 ஆசை இருந்தால் விலை குறைந்த ரப்பர் பம்பர் காரில் செய்யுங்கள், குரோம் பம்பர் காரின் தகட்டை வெட்டாதீர்கள் என்பேன்.

உயரத்தை அளக்க ஒரு சுலப வழி: காலி பிளாக்கையும் இன்டேக் மேனிஃபோல்டையும் உள்ளே இறக்கி, உயரமான இடத்தில் ஒரு உருண்டை களிமண் வைத்து, பானட்டை மெதுவாக மூடித் திறங்கள். நசுங்கிய பிறகு களிமண் எவ்வளவு உயரம் மிஞ்சியிருக்கிறதோ அதுதான் உங்களுக்கு மிச்சமுள்ள இடம். ஏர் கிளீனரை மறந்துவிட்டு அளப்பது வழக்கமாக நடக்கும் கூத்து.

தனி இன்ஜினாக வாங்குவது

முடிந்தவரை ஓடும் நிலையில் உள்ள முழுக் காரையே வாங்குங்கள். இன்ஜினை ஓடவிட்டுக் கேட்கலாம், கியர்பாக்ஸ், கிளட்ச், வயரிங், கம்ப்யூட்டர், சென்சார் எல்லாம் ஒரே செட்டாக வரும், பாக்கியை விற்றுக் கொஞ்சம் காசும் பார்க்கலாம். பெஞ்சில் கிடக்கும் இன்ஜினை வாங்கினால் ஒரு சென்சார், ஒரு பிராக்கெட் என்று தேடியே மாதங்கள் போய்விடும்.

ரோவர் வி8-ல் குறிப்பாக ஒன்று. 3.5 லிட்டருக்கு அப்புறம் வந்த 3.9, 4.0, 4.6 லிட்டர் பிளாக்குகளில் சிலிண்டர் லைனருக்கு (சிலிண்டருக்குள் பொருத்திய உள்குழாய்) பின்னால் அலுமினியம் விரிசல் விடுவதும், லைனர் நகர்வதும் தெரிந்த கோளாறு. வெளியே ஒழுக்கு இல்லாமல் தண்ணீர் குறைகிறதா, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணியதும் ரேடியேட்டர் ஹோஸ் சீக்கிரமே கல்லாக இறுகுகிறதா என்று பாருங்கள். இருந்தால் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள்.

காகிதம்

பிரிட்டனில் இன்ஜின் எண்ணும் சிசியும் மாறினால் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவுக்குச் சொல்லிப் பதிவுப் புத்தகத்தை மாற்ற வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லணும், சொல்லாமல் விட்டால் விபத்தின்போது கை விரித்துவிடுவார்கள். கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை இல்லை. 1976-லிருந்து உண்டு. அதற்கு மேற்பட்ட எம்ஜிபியில் போடும் இன்ஜின் காரின் வருஷத்தையோ அதற்குப் பிந்தியதையோ சேர்ந்ததாக இருக்க வேண்டும், அந்த இன்ஜினுக்குரிய புகைக் கட்டுப்பாட்டுச் சாமான் முழுசும் கூடவே வர வேண்டும். அங்கே 1974 காரா 1976 காரா என்பதே இன்ஜினைத் தீர்மானித்துவிடும்.

கடைசியாக ஒன்று, கழற்றிய பழைய இன்ஜினை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். பிளக் துளைகளில் ஆயில் விட்டு, கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, எல்லாத் துளைகளையும் அடைத்து, பிளாஸ்டிக் சுற்றிப் பலகை மேல் வைத்துவிடுங்கள். எண் பொருந்தும் அசல் இன்ஜின் கூடவே வருகிறது என்றால் நாளைக்குக் காரை வாங்குபவர் அதற்கென்றே தனி விலை தருவார்.